கண்ணாடியில் தெரியாத தங்கை

காருக்குள் இருப்போருக்குப் பாதுகாப்பு மிகுந்துவிட்டது. வெளியே நிற்கும் சின்னஞ்சிறு தங்கையருக்கு?

கவிழ்ந்தாலும் கூரை நசுங்காதிருக்க, இக்காலக் கார்களில் முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களும் தடித்துவிட்டன. சாலையைக் கடப்பவர் அம்மறைவில் அடங்கிவிடக்கூடும். உயர்ந்த முகப்பையொட்டி நிற்கும் எல்.கே.ஜி. குழந்தையும் ஓட்டுநர் கண்ணில் படுவதில்லை.

அமெரிக்காவில் 2018 முதல் புதிய கார்களுக்குப் பின்புறக் காமிராவும், நம் நாட்டில் 2019 ஜூலை முதல் பின்புறச் சென்சாரும் கட்டாயம். நன்றே! ஆனால் முன்புறத்தைக் காப்பது யார்? காவல் தூதரிடமே விட்டுவிடலாமா?

பெற்றோரே, நாங்கள் வேண்டுவது ஒன்றே: பள்ளி வாயிலில் வண்டியை எடுக்குமுன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தோழியரே, ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியாவிடில், நாமும் அவருக்குத் தெரிவதில்லை. ஆகவே விலகி நிற்போம். தங்கையரின் கையையும் பற்றிக்கொள்வோம்!