தவளை நீச்சலும் முழங்காலும்

"மூட்டு வலியா? நீச்சல் அடியுங்கள்" என்று நம் வயதுக்காரர்களுக்கு எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால் பெரும்பாலும் அது சரிதான். ஆனால் எந்த நீச்சல் என்று யாரும் கேட்பதில்லை. முழங்காலைப் பொறுத்தவரை எல்லா நீச்சலும் ஒன்றல்ல என்பது என் கட்சி.

நம்மில் பலர் நிதானமாக அடிப்பது தவளை நீச்சல். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அது 'பிராஸ்'. பிரெஞ்சில் 'பிரா' என்றால் கை. அதிலிருந்து வந்த பெயர். தமிழ்ப் பெயரோ காலைப் பார்த்து வைத்தது. தமிழ்ப் பெயர்தான் பொருத்தம் என்பேன். மற்ற நீச்சல்களைவிட இதில்தான் உடம்பை முன்னே தள்ளுவதில் கால்களுக்குப் பெரும்பங்கு. தொல்லையும் அங்கேதான்.

முழங்கால் ஏறக்குறைய கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும்; பக்கவாட்டு இழுப்பு அதற்கு ஒவ்வாது. தவளை உதையில் பாதத்தை வெளியே திருப்பி, காலை வளைத்து வீசிச் சேர்க்கிறோம். அப்போது முட்டியின் உட்புறம் எலும்புகளைக் கட்டியிருக்கும் நார் இழுபடுகிறது. ஓர் உதையில் ஒன்றும் ஆகாது. 25 மீட்டர் குளத்தில் 20 நீளம் அடித்தால் இருநூறுக்கு மேல் உதை ஆகிவிடும். போட்டி வீரர்களுக்கே வரும் வலி இது. மருத்துவத்தில் இதற்குத் தனிப் பெயரே உண்டு.

அதற்காக, "வயதாகிவிட்டது, நிறுத்திவிடுங்கள்" என்று சொல்பவர்களோடும் நான் உடன்பட மாட்டேன். தண்ணீரை விட்டவர் நாற்காலியில்தான் உட்காருவார். தொடைத் தசை மெலியும், முட்டி இன்னும் தளரும். விட வேண்டியது அகல உதையைத்தான், நீச்சலை அல்ல. முட்டிகள் இடுப்பின் அகலத்துக்கு மேல் அதிகம் விரிய வேண்டாம். வேகமும் வேண்டாம். இறங்கியவுடன் உதைக்காமல், பத்து நிமிடம் தண்ணீரிலேயே நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு நீளம் தவளை நீச்சல் என்றால் அடுத்த இரண்டு மல்லாந்த நீச்சலாகவோ, கைமாற்றி அடிப்பதாகவோ இருக்கட்டும்.

முட்டியைக் காப்பது முட்டியல்ல, தொடையும் இடுப்பும். அவற்றுக்கு வேலை வீட்டிலேயே இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை. முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்து அழுத்துங்கள். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்கி இறக்குங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். தடுமாற்றம் இருந்தால் பக்கத்தில் மேசை இருக்கட்டும். இடுப்பு இறுகியிருந்தால் அது செய்ய வேண்டிய திருப்பத்தை முட்டி செய்யும். ஆகவே இடுப்புக்கும் தினம் கொஞ்சம் அசைவு கொடுங்கள்.

உட்புறம் சுருக்கென்று வலித்தால் அன்றைக்கு உதையை நிறுத்திவிடுங்கள். தொடைகளுக்கு இடையே மிதவையை இடுக்கிக்கொண்டு கையால் மட்டும் நீந்தலாம். வீக்கம் வந்தாலோ, முட்டி மடங்காமல் சிக்கிக்கொண்டாலோ மருத்துவரைப் பாருங்கள். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் அறுவை செய்த மருத்துவரிடம் "நீந்தலாமா?" என்று மட்டும் கேட்டால் போதாது, "தவளை உதை உதைக்கலாமா?" என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் பதில் வேறாக இருக்கலாம்.

நீச்சல் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் எழுபது வயதுக்காரரிடமும் "காலை நன்றாக விரியுங்கள்" என்று கத்தாதீர்கள். முதலில் அவர் முட்டியைப் பற்றி விசாரியுங்கள்.