பல்கலை என்னும் சொல்லும் ஹம்போல்ட் பல்கலைக்கழகமும்

தமிழ்ச்சூழலில் 'பாலிடெக்னிக்' என்ற சொல்லுக்கு எப்படியோ ஒரு தாழ்ந்த தொனி ஏறிவிட்டது. பத்தாம் வகுப்பு முடித்து மூன்றாண்டுப் பட்டயப் படிப்பில் சேர்ந்த பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது உறவினர் குரலில் வரும் மெல்லிய இறக்கம் நாம் அறிந்ததே. ஆகவே, அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் ஓராண்டுக்கும் மேலாகத் தன்னைத் தானே ஆராய்ந்து பாலிடெக்னிக் ஆயிற்று, அதைப் பதவி உயர்வாகக் கொண்டாடவும் செய்தது என்றால் நமக்கு விசித்திரமாகத்தான் இருக்கும்.

நான் குறிப்பிடுவது வட கலிபோர்னியாவில், செம்மரக் காடுகளுக்கும் பசிபிக் கடலுக்கும் இடையே உள்ள ஆர்க்கேட்டா என்னும் சிற்றூரில் இயங்கும் ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தை. 1913இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கப்பட்டது. காட்டியல், மீன்வளம், வனவிலங்கு ஆகிய துறைகளில் நெடுங்காலமாக நற்பெயர் பெற்றது. 2015இல் ஏறத்தாழ 8,800 மாணவர்கள் அங்கே பயின்றனர். 2021இல் அந்த எண்ணிக்கை 5,700 அளவுக்குச் சரிந்தது. இடையில் பற்றாக்குறையைச் சமாளிக்க 2018இல் கால்பந்து அணியையே கலைத்தார்கள். அமெரிக்கக் கல்லூரி ஒன்று தன் கால்பந்து அணியைக் கலைப்பதென்பது, நம்மூர்க் கோயில் தேரோட்டத்தை நிறுத்துவதற்குச் சமம்.

2020 நவம்பரில், பாலிடெக்னிக் ஆவதற்கான தகுதி உண்டா என்று ஆராயும்படி மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் தலைமையகம் கேட்டுக்கொண்டது. 2021-22 வரவுசெலவுத் திட்டத்தில் மாநில அரசு 45 கோடியே 80 லட்சம் டாலர் ஒதுக்கியது. 2022 ஜனவரி 26 அன்று அறங்காவலர் குழு ஒப்புதல் அளித்தது. சான் லூயிஸ் ஒபிஸ்போ, பொமோனா ஆகிய இரண்டுக்குப் பிறகு அந்த அமைப்பின் மூன்றாவது பாலிடெக்னிக்காக, 'கால் பாலி ஹம்போல்ட்' என்ற பெயரோடு அது மறுபிறவி எடுத்தது.

இதை எதிர்த்து எளிதாகச் சொல்லக்கூடிய ஒரு வாதம் உண்டு. கலையும் இலக்கியமும் தத்துவமும் தழைக்க வேண்டிய இடத்தைத் தொழிற்கூடமாக்கிவிட்டார்கள் என்பதே அது. இலக்கிய வாசகர்களான நமக்கு அது உடனே பிடித்தும் போகும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

காரணம், நம் சொல்லே அதற்கு எதிராக நிற்கிறது. கிரேக்கத்தில் 'பாலி' என்றால் பல. 'டெக்னே' என்பது கலை, கைத்திறன் இரண்டையும் ஒருங்கே குறிப்பது. அதாவது, பாலிடெக்னிக் என்பதன் நேர்ப்பொருள் பல்கலை. யூனிவர்சிட்டியின் மூலமான லத்தீன் சொல்லோ ஆசிரியரும் மாணவரும் கூடி அமைத்த ஒரு கழகத்தைக் குறித்தது. ஆக, 'பல்கலைக்கழகம்' என்று நாம் ஆக்கிக்கொண்ட சொல்லின் முன்பாதி பாலிடெக்னிக், பின்பாதி யூனிவர்சிட்டி. சொல்லை உருவாக்கியவர்கள் இப்படி நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள். என்றாலும் நல்ல தற்செயல். அறுபத்து நான்கு கலைகளின் பழம்பட்டியலிலும் பாட்டும் தச்சும் சமையலும் ஒரே வரிசையில்தான் வருகின்றன. கவிதை மேலே, உளி கீழே என்ற அடுக்கு அந்தப் பட்டியலில் இல்லை. நம் சாதிச் சமூகத்தில் அந்த அடுக்கு இருந்தது என்பது வேறு விஷயம். பாலிடெக்னிக் என்றதும் குரல் இறங்குவதன் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஹம்போல்ட் என்ற பெயரையும் சற்று நோக்க வேண்டும். அந்தப் பெயரில் புகழ்பெற்ற சகோதரர் இருவர். மூத்தவர் வில்ஹெல்ம், 1810இல் பெர்லின் பல்கலைக்கழகம் தோன்றக் காரணமானவர். பயன் கருதாத அறிவுத் தேடல், மனிதனின் உள்வளர்ச்சி ஆகியவற்றையே கல்வியின் மையமாக வைத்தவர். இளையவர் அலெக்சாண்டர், ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்விக்கூடத்தில் பயின்று பிரஷ்ய அரசின் சுரங்க அதிகாரியாகப் பணியாற்றியவர். 1793இல் ஸ்டேபென் என்ற ஊரில் சுரங்கத் தொழிலாளருக்காக இலவசப் பள்ளி ஒன்றைத் தம் சொந்தப் பணத்தில் தொடங்கினார். நச்சுக்காற்றிலிருந்து அவர்களைக் காக்கப் பாதுகாப்பு விளக்கையும் சுவாசக் கருவியையும் வடிவமைத்தார். பின்னாளில் தென்னமெரிக்கப் பயணங்களால் உலகப்புகழ் பெற்றவரும் இவரே. கலிபோர்னியாவின் ஹம்போல்ட் விரிகுடாவும் வட்டமும் இளையவரின் பெயரைத் தாங்கியவை. அவர் அங்கே கால் வைத்ததில்லை. அண்ணன் பெயர் கொண்ட பல்கலைக்கழகம் பாலிடெக்னிக் ஆகியிருந்தால் முரண் என்று சொல்லலாம். தம்பி பெயர் கொண்டது ஆகியதில் முரண் ஏதுமில்லை.

என் மனக்குறை வேறிடத்தில் இருக்கிறது. மாணவர் குறைந்து, பணம் குறைந்து, துறைகள் சுருங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் அதே காட்டியல், அதே கடல் ஆய்வு, அதே ஆசிரியர்கள் அங்கே இருந்தார்கள். பாலிடெக்னிக் ஆகும் பேச்சு எழுந்த பிறகுதான் இந்த அளவுக்கு மாநிலத்தின் பணப்பை திறந்தது. ஓர் ஏழை மலைப்பகுதியின் பிள்ளைகளுக்கு நல்ல கல்வி தர வேண்டும் என்பது மட்டும் போதிய காரணமாக ஏன் இருக்கவில்லை? மரம் வெட்டும் தொழில் நலிந்த அந்த வட்டத்தில் அதற்கான தேவை எப்போதும் இருந்தது. பெயர்ப்பலகை மாறினால்தான் நிதி என்ற வழக்கம் நிலைபெற்றால், நாளை வேறொரு பெயர் மோஸ்தராகும்போது இன்றைய பாலிடெக்னிக்கும் கைவிடப்படும். பிரிட்டனில் இது தலைகீழாக நிகழ்ந்ததைக் கண்டிருக்கிறோம். 1960களின் பிற்பகுதியில் பெருமையோடு உருவாக்கப்பட்ட பாலிடெக்னிக்குகள் 1992ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பல்கலைக்கழகப் பெயர் சூட்டிக்கொண்டன. அங்கே ஏற்றமாகக் கருதப்பட்டது கலிபோர்னியாவில் எதிர்த்திசையில் ஏற்றமாகிறது.

ஒதுக்கிய தொகையில் 43 கோடியே 30 லட்சம் ஒரே முறை தருவது. கட்டடங்களும் ஆய்வகங்களும் அதில் எழும். ஆண்டுதோறும் தருவது இரண்டரைக் கோடி டாலர். ஆசிரியர் சம்பளம் போன்ற தொடர்செலவுக்கு இரண்டாவது தொகையையே நம்பியிருக்க வேண்டும். இந்தச் சிறிய எண்ணில்தான் வரலாற்றுத் துறைக்கும் மொழித் துறைகளுக்கும் பங்கு இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

அவற்றுக்கு ஏன் பங்கு வேண்டும்? பாலிடெக்னிக் ஆனபின் அங்கே வந்த புதிய பட்டங்களில் ஒன்று பயன்முறைத் தீயியல். ஆண்டுதோறும் காடு எரியும் மாநிலத்தில் இதைவிடப் பயனுள்ள படிப்பு இருக்க முடியாது. ஆனால் கலிபோர்னியக் காடு ஏன் இப்படி எரிகிறது என்பது அறிவியல் வினா மட்டுமன்று. யூரோக், காருக் முதலிய பழங்குடியினர் காலமறிந்து சிறுதீ மூட்டி அடர்புதரைக் குறைத்துக் காட்டைப் பேணினார்கள். 1850இல் கலிபோர்னியா சட்டமன்றம் பழங்குடியினரைக் 'காப்பதற்கு' என்று சொல்லி இயற்றிய சட்டத்திலேயே புல்வெளிக்குத் தீ வைப்பது தண்டனைக்குரியதாயிற்று. பிறகு வந்த காட்டு நிர்வாகம் எல்லாத் தீயையும் அணைப்பதே கொள்கை என்றது. விறகு சேர்ந்தது. இன்று அந்தப் பழங்குடிகளிடமே திரும்பிச் சென்று கற்க வேண்டியிருக்கிறது. சட்ட வரலாறும், மானுடவியலும், அந்த மக்களின் மொழியும் தெரியாத தீயியல் பட்டதாரி குழாயும் கையுமாகத்தான் நிற்பார். அமெரிக்கப் பூர்வகுடியியல் அங்கே ஏற்கெனவே ஒரு துறையாக இருக்கிறது. அது அழகுக்கு வைத்த பூந்தொட்டியா, தீயியல் பாடத்திட்டத்தின் பகுதியா என்பதே என் கேள்வி.

(கஞ்சாவியல் என்றொரு பட்டமும் வந்திருக்கிறது. சிரிக்க வேண்டாம். அந்த வட்டத்தின் பொருளாதாரம் பல பத்தாண்டுகள் அந்தச் செடியை நம்பியிருந்தது. அப்படிப்பைச் சமூகவியல் துறை நடத்துவது பொருத்தமே.)

இன்னொன்று. மாணவர் எண்ணிக்கையை ஏழாண்டுகளில் இருமடங்காக்குவோம் என்று அறிவித்த நிறுவனத்தின் வாகன நிறுத்துமிடத்தில், வாடகை கொடுக்க இயலாமல் வண்டிகளிலேயே தங்கியிருந்த மாணவர் சிலரை 2023 நவம்பரில் வெளியேறச் சொன்னார்கள். எதிர்ப்பு எழுந்தது. சுகாதாரமும் பாதுகாப்பும் காரணம் என்றது நிர்வாகம். அவை பொய்யல்ல, ஆனால் அந்த மாணவர்கள் படுக்க வேறு இடம் அப்போது தயாராக இல்லை. ஏறத்தாழ ஆயிரம் பேர் தங்கக்கூடிய புதிய விடுதி 2025இல்தான் திறந்தது. ஆய்வகத்துக்கும் விடுதிக்கும் சேர்த்துத்தான் அந்த நாற்பத்து மூன்று கோடி. முதலில் எதைக் கட்டியிருக்க வேண்டும் என்று வண்டியில் உறங்கியவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.