பானெட்டுக்குள் இன்னொரு மலை

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும்போது சின்ன பெட்ரோல் கார்கள் மூச்சு வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஜவ்வாது மலை மேலே, காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிற இடம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. மலைக் குளிர்ச்சி அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும், முழுவதையும் அல்ல. டர்போ இல்லாத என்ஜினுக்குக் காற்று எவ்வளவு குறைகிறதோ, இழுவையும் ஏறத்தாழ அவ்வளவு குறையும். எந்த ஃபில்டரைப் போட்டும் இதை மீட்க முடியாது.

என் அக்கா மகனுக்கு இதில் உடன்பாடு இல்லை. கம்பெனி கொடுத்த ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளவென்று ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டிக்கொண்டு வந்தான். “சவுண்டக் கேளுங்க மாமா, எப்படி இழுக்குது பாருங்க” என்றான். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையைப் போனில் பார்த்தபடி ஏறினோம். சமவெளியில் ஓடும்வரை வெளிக்காற்றைவிடச் சில டிகிரிதான் அதிகம். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கி, செகண்ட் கியரில் ஊர ஆரம்பித்ததும் எண் ஏறிக்கொண்டே போனது. வெளியே 34, உள்ளே 64.

முப்பது டிகிரி வித்தியாசம் என்றால் காற்றின் அடர்த்தி 9 சதவீதம் குறையும். சென்சாரே சூடேறிக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவதைக் கழித்தாலும், மலை எடுத்துக்கொண்டது போக இன்னொரு மலையையும் பானெட்டுக்குள் சுமந்துகொண்டு ஏறினோம் என்றுதான் கணக்கு வருகிறது.

மெதுவாக ஏறும்போது முன்பக்கத்திலிருந்து எதிர்க்காற்று வருவதில்லை. ரேடியேட்டர் ஃபேன்தான் சுற்றுகிறது. அது தள்ளுவதோ ரேடியேட்டரைக் கடந்து வந்த சூட்டுக் காற்று. பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு தகிக்கிறது. அடுப்பங்கரையில் உட்கார்ந்து விசிறிக்கொள்வது மாதிரி, திறந்த ஃபில்டர் அத்தனையையும் இழுத்துக் குடிக்கிறது. சூட்டுக் காற்று வருவதைப் பார்த்த கம்ப்யூட்டர், நாக்கிங் வந்துவிடுமோ என்று ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். அதிலும் கொஞ்சம் இழுவை போகும். பாதி ஆக்சிலேட்டரில் போகிறவருக்கு இதெல்லாம் தெரியாது, காலை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொள்வார். முன்னால் புளி மூட்டை லாரி ஊர்ந்துகொண்டிருக்க, அதைத் தாண்ட முழுசாக அழுத்துகிறபோதுதான் தெரியும்.

சூட்டோடு மல்லுக்கட்டுவது நம் ஊர் டிரைவர்களுக்குப் புதிதில்லை. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்ப்பிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். பானெட்டைத் தூக்கி, ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் சுற்றிவிட்டு, ஒரு டீ குடித்து வருவார்கள். பெட்ரோல் டேங்குக்குள்ளேயே பம்ப் வைத்து, அழுத்தத்தோடு அனுப்பும் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு அந்தத் துணிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கூம்புதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் அதற்கு ஒரு வீடு கட்ட வேண்டும். அலுமினியத் தகட்டை வளைத்து, என்ஜின் பார்க்கும் பக்கத்தில் வெப்பம் தாங்கும் ஃபாயில் மெத்தை ஒட்டி, மேல் விளிம்பில் ரப்பர் பீடிங் வைத்து, பானெட்டை மூடினால் இடைவெளி இல்லாமல் அழுந்தும்படி செய்ய வேண்டும். கிரில்லுக்குப் பின்னாலிருந்து தனிக் குழாய் ஒன்று அதற்குள் வர வேண்டும். மூன்று பக்கம் மறைத்து மேலே திறந்துவிட்ட தகடு அலங்காரத்துக்குத்தான் ஆகும். காற்றுக்குழாய் மேல் தங்க நிற டேப் சுற்றுவதிலும் பெரிய பலன் இல்லை. என்ஜின் முழு மூச்சில் இழுக்கும்போது காற்று அந்தக் குழாயில் இருப்பது ஒரு நொடியில் சிறு பகுதிதான். எங்கிருந்து இழுக்கிறோம் என்பதில்தான் விஷயமே.

அதற்காகக் குழாயின் வாயைப் பம்பருக்குக் கீழே இறக்கும் கடைக்காரர்களும் உண்டு. குளிர்ந்த காற்று கிடைக்கும், தண்ணீரும் கிடைக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் காற்றுக்குழாய் வழியே தண்ணீர் குடித்து எத்தனை என்ஜின்களில் கனெக்டிங் ராடு வளைந்தது என்பதை மெக்கானிக்குகள் இன்னும் சொல்வார்கள்.

இவ்வளவையும் செய்து முடித்துப் பார்த்தால் கையில் இருப்பது கம்பெனி கொடுத்த அதே டப்பாதான்: மூடிய பெட்டி, கிரில்லை நோக்கி நீளும் மூக்கு, அதுவும் தண்ணீர் எட்டாத உயரத்தில். அக்கா மகன் பழைய டப்பாவைத் தேடி எடுத்து மாட்டியிருக்கிறான். “சவுண்டு போச்சு மாமா” என்பது மட்டும் குறை.

கோடைவிழாவுக்கு மலை ஏறப்போகிறவர்கள் கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து அந்த மூக்கை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். சர்வீஸுக்குப் போய்வந்த பல கார்களில் அதன் கிளிப்பைத் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். பேப்பர் ஃபில்டரில் மலைப்பாதைப் புழுதி அடைந்திருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாயில் முடியும்.