உரிமம் கூடவே வராது

சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் பழைய சர்வரை நிறுத்துகிறார்கள். விடிவதற்குள் டேட்டாபேஸ் கிளவுடில் ஏறிவிடுகிறது. ஞாயிறு முழுக்கச் சோதனை. திங்கள் காலை கணக்குப் பிரிவினர் வந்து உட்காரும்போது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. குழுவுக்குப் பாராட்டு மின்னஞ்சலும் வந்துவிடுகிறது. ஓராண்டு கழித்து, மென்பொருளை விற்ற நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம். ஒப்பந்தப்படி 45 நாள் அவகாசம் தருகிறோம், உங்கள் பயன்பாட்டைத் தணிக்கை செய்ய வருகிறோம் என்று. அதைப் படித்த பிறகுதான் பல நிறுவனங்களில் யாரோ ஒருவர் முதல்முறையாகக் கேட்கிறார்: “நம்மகிட்ட மொத்தம் எத்தனை லைசென்ஸ் இருக்கு?”

சொந்த சர்வர் அறையைக் காலி செய்துவிட்டுக் கிளவுடுக்குப் போவதை நம் நிறுவனங்கள் இன்னமும் பொறியாளர்களின் வேலை என்றே நினைத்துக்கொண்டிருக்கின்றன. ஊர் மாறும்போது கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் லாரியில் ஏறிவிடும். கேஸ் இணைப்பு ஏறாது. பழைய ஏஜென்சியில் சிலிண்டரை ஒப்படைத்து, சீட்டு வாங்கி, புது ஊரில் பதிந்தாக வேண்டும். மென்பொருள் உரிமமும் அப்படித்தான். போதாததற்கு, இங்கே புது ஊரில் எண்ணுகிற முறையே வேறு.

ஆரக்கிள் டேட்டாபேஸின் என்டர்பிரைஸ் பதிப்பைப் பார்ப்போம். பட்டியல் விலை ஒரு பிராசஸர் உரிமத்துக்கு 47,500 டாலர். ஆண்டுதோறும் அதில் 22 சதவீதம் ஆதரவுக் கட்டணம். சொந்த இடத்தில் இன்டெல் சிப் என்றால் இரண்டு கோருக்கு ஒரு உரிமம் போதும். 16 கோர் கொண்ட சர்வருக்கு 8 உரிமம். அமேசான் வெப் சர்வீசஸிலோ மைக்ரோசாஃப்ட் அஷ்யூரிலோ இந்தச் சலுகை கிடையாது. அங்கே இரண்டு விசிபியு, அதாவது மெய்நிகர் பிராசஸர், ஒரு உரிமமாகக் கணக்காகிறது. ஹைப்பர்திரெடிங் இருப்பதால் ஒரு கோர் இரண்டு விசிபியுவாகத் தெரியும். எனவே அதே 16 கோர் அங்கே 32 விசிபியு. தேவை 16 உரிமம். கையில் இருப்பது 8. குறைகிற எட்டுக்குப் பட்டியல் விலையில் 3,80,000 டாலர், அதற்குமேல் ஒவ்வோர் ஆண்டும் 83,600 டாலர். ஒரு பயனாளர்கூடக் கூடவில்லை, நிரலில் ஒரு வரி மாறவில்லை. ஆரக்கிளின் சொந்தக் கிளவுடுக்குப் போயிருந்தால் ஒரு உரிமத்துக்கு நான்கு விசிபியு. அங்கே பழைய எட்டே போதும்.

2017 ஜனவரி வரை மற்றவர் கிளவுடிலும் அந்தப் பாதிக் கணக்கு செல்லுபடியானது. பிறகு கொள்கை ஆவணத்தின் புதிய பதிப்பு ஒன்று வந்தது, கணக்கு இரட்டித்தது. அந்த ஆவணமோ, தான் தகவலுக்கு மட்டுமே, ஒப்பந்தத்தின் பகுதி அல்ல, முன்னறிவிப்பின்றி மாறலாம் என்று தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்கிறது. பல கோடி ரூபாய் முடிவுகள் இப்படியொரு தாளின் மேல் நிற்கின்றன. இதை வாடிக்கையாளர்கள் இத்தனை ஆண்டுகளாகச் சும்மா ஏற்றுக்கொண்டிருப்பதுதான் நமக்குப் பெரிய கவலை.

மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. 2019 அக்டோபர் 1 முதல் வாங்கிய விண்டோஸ் சர்வர் உரிமத்தை அமேசானுக்கோ கூகுளுக்கோ கொண்டுபோக வழியே இல்லை. அங்கே மணிக்கணக்கில் வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். அஷ்யூருக்குப் போகிறவர்களுக்கோ ஹைப்ரிட் பெனிஃபிட் என்ற சலுகை இருக்கிறது. சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்ற பராமரிப்புத் திட்டத்துக்குப் பணம் கட்டிவருபவர்கள் பழைய உரிமத்தையே அங்கு பயன்படுத்தலாம். எந்தக் கிளவுட் நல்லது என்று பொறியாளர் ஆராய்வதற்கு முன்பே எது மலிவு என்பதை உரிம விதி முடிவு செய்துவிடுகிறது. பிரிட்டனின் போட்டி, சந்தைகள் ஆணையம் 2025 ஜூலையில் வெளியிட்ட இறுதி முடிவில், இந்த உரிம நடைமுறைகள் கிளவுட் சந்தையில் போட்டியைப் பாதிக்கின்றன என்றே சொன்னது. ஐரோப்பியக் கிளவுட் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2022-இல் புகார் கொடுத்து, 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்டுடன் சமரசம் செய்துகொண்டது. நம் நாட்டிலும் இந்தக் கேள்வியை உரக்க எழுப்ப வேண்டும்.

ஆனால் ஆணையங்கள் தீர்ப்புச் சொல்லும்வரை திட்டங்கள் காத்திருக்கப் போவதில்லை. உடனடி ஆபத்து இருப்பது திரையில்.

அமேசானின் ஆர்டிஎஸ் சேவையில் டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மல்டி-ஏஇசட் என்று ஒரு தேர்வு. ஒரு தரவு மையம் விழுந்தாலும் இன்னொன்றில் நகல் தயாராக இருக்கும். நல்ல வசதி, தேர்ந்தெடுக்கத்தான் தோன்றும். சொந்த உரிமத்தைக் கொண்டுவருபவர் அதைத் தொட்டால், காத்திருக்கும் நகலுக்கும் முழு உரிமம் வேண்டும். ஒரு கிளிக்கில் எட்டு பதினாறாகிறது, பதினாறு முப்பத்திரண்டாகிறது. அந்தத் திரை எச்சரிக்கை மணி எதையும் அடிப்பதில்லை. முன்பெல்லாம் புது சர்வர் வாங்கக் கொள்முதல் துறை, நிதித் துறை, மேலாளர் என்று மூன்று கையெழுத்து வேண்டும். இப்போது மூன்றாண்டு அனுபவமுள்ள ஓர் இளைஞரின் விரல் போதும்.

அந்த இளைஞர் பல சமயம் நம் ஊர்க்காரர். தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் கோவை சரவணம்பட்டியிலும் உட்கார்ந்து உலகத்தின் சர்வர்களை இடம் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நம் பிள்ளைகள். அவர்கள் கைக்கு வரும் எக்செல் தாளில் சர்வர் பெயர் இருக்கும், ஐபி முகவரி இருக்கும், மெமரியும் டிஸ்க்கும் இருக்கும். எந்த ஒப்பந்தத்தில் வாங்கிய உரிமம், எந்த அளவுகோல், எத்தனை என்ற பத்தி மட்டும் பெரும்பாலும் இருக்காது. உரிமம் வாடிக்கையாளர் பொறுப்பு என்று சேவை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டு எல்லோரும் கைகழுவிவிடுகிறார்கள். பின்னால் பிரச்சினை வெடித்தால், தேர்வை அழுத்தியது யார் என்றுதான் முதலில் தேடுகிறார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லித்தராத விதிக்கு அவர்களையே குற்றவாளியாக்குவது அநியாயம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கிளவுடில் எவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டும் என்று கணிக்க, பழைய ஆரக்கிள் டேட்டாபேஸில் ஏடபிள்யூஆர் என்ற செயல்திறன் அறிக்கையை எடுப்பது வழக்கம். அந்த அறிக்கை டயக்னாஸ்டிக்ஸ் பேக் என்ற தனி விலைப் பொருளின் பகுதி; பட்டியல் விலை ஒரு பிராசஸருக்கு 7,500 டாலர். என்டர்பிரைஸ் பதிப்பை நிறுவும்போதே அது திறந்த நிலையில்தான் இருக்கும். பயன்படுத்தியதற்கான தடம் டேட்டாபேஸுக்குள்ளேயே பதிவாகிறது. தணிக்கைக்கு வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார். உரிமம் இல்லாதவர்களுக்கு ஸ்டாட்ஸ்பேக் என்ற இலவசக் கருவி இருக்கிறது. இடம் மாறுவதற்கு அளவெடுக்கப் போய் அபராதத்தில் சிக்கிக்கொள்ளலாம் என்பதைப் பயிற்சி வகுப்பின் முதல் நாளே சொல்லித்தர வேண்டாமா?

இரு இடத்திலும் ஓடும் நாட்களையும் மறந்துவிடுகிறோம். பழையதை உடனே அணைக்க யாருக்கும் தைரியம் வராது. இரண்டு மாதம், மூன்று மாதம் என்று இரண்டும் ஓடும். உரிமம் ஓர் இடத்துக்குத்தான். அஷ்யூரின் ஹைப்ரிட் பெனிஃபிட் இதற்கு 180 நாள் இடம் கொடுக்கிறது. மற்ற மென்பொருளுக்கு, ஒப்பந்தத்தில் கேட்டு எழுதி வாங்காத வரை இப்படி அவகாசம் இருப்பதாக எண்ணிக்கொள்ளக் கூடாது. எழுதி வாங்க ஏற்ற நேரம் மாறுவதற்கு முன்புதான். மாறிய பிறகு பேரம் பேச நம் கையில் எதுவும் இருக்காது.

அவசரம் வேறு கூடிக்கொண்டே போகிறது. சொந்த சர்வர்களில் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருளைத் தரும் விஎம்வேரை பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தாவுக்கு மாற்றியது. அந்தச் செலவுக்கு அஞ்சிக் கிளவுடைத் தேடும் நிறுவனங்கள் பல. எஸ்ஏபி வணிக மென்பொருளின் பழைய ஈசிசி பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியில் முடிகிறது. தேதி நெருங்க நெருங்க, ‘முதலில் மாற்றிவிடுவோம், லைசென்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற குரல்தான் கூட்டங்களில் வெல்லும்.

பிறகு பார்த்துக்கொள்ள முடியாது. இயந்திரத்தின் அளவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே ஒப்பந்தங்களை எடுத்து மேசையில் வைக்க வேண்டும். அந்த மேசையில் பொறியாளரோடு நிதி அதிகாரியும் ஒப்பந்தம் படிக்கத் தெரிந்த ஒருவரும் உட்கார வேண்டும். பழைய 16 கோரை அப்படியே 32 விசிபியுவாகப் பெயர்த்து வைப்பதை நிறுத்த வேண்டும். அந்த சர்வர் பாதி திறனில்கூட ஓடாமல் இருந்திருக்கலாம். அளந்து பார்த்து 8 விசிபியு போதும் என்று தெரிந்தால் நான்கு உரிமத்தில் வேலை முடியும். மெமரிதான் தேவை என்றால், அதே மெமரிக்குக் குறைவான விசிபியு கொண்ட இயந்திர வகைகளும் இருக்கின்றன. கணக்குப் பார்த்து மாறுகிறவர்களுக்கு இது சேமிப்பாகவே முடியலாம். மல்டி-ஏஇசட் போல உரிமத்தை இரட்டிக்கும் தேர்வுகளை நிதித் துறையின் ஒப்புதல் இல்லாமல் யாரும் தொட முடியாதபடி பூட்டிவைக்கக் கிளவுடிலேயே வழி இருக்கிறது. பல நிறுவனங்கள் அந்தப் பூட்டைப் போடுவதே இல்லை.

கடைசியாகப் பழைய சர்வர். இடமாற்றம் முடிந்ததும் அதை அழித்துப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிட எல்லோருக்கும் அவசரம். அதில் என்ன பதிப்பு ஓடியது, எந்தெந்தக் கூடுதல் வசதிகள் திறந்திருந்தன, எத்தனை கோர், எந்தத் தேதியில் அணைக்கப்பட்டது என்பதையெல்லாம் எடுத்து, கையெழுத்திட்டு, ஒப்பந்தக் கோப்பிலேயே சேர்த்துவையுங்கள். 45 நாள் கெடு வைத்து அந்தக் கடிதம் வரும்போது அந்த இயந்திரம் இருக்காது. அது எந்தத் தேதியோடு நின்றது என்பதற்குக் கோப்பில் இருக்கும் அந்த ஒரு தாள்தான் சாட்சி.