உளவளத்துணை வகுப்புப் பிரேரணை பற்றிய எமது நிலைப்பாடு

கொழுந்தெடுக்கும் பெண்களிடையே பதகளிப்பும் மனச்சோர்வும் சேர்ந்தே காணப்படுவதற்கு அவர்களுடைய சிந்தனைப் பழக்கமே காரணமென்றும், தோட்ட நிர்வாகத்தின் மேற்பார்வையில் உளவளத்துணை வகுப்புகள் நடத்தினால் போதுமென்றும் கூறும் பிரேரணையொன்று எமது அபிப்பிராயத்துக்கு வந்திருப்பதால், செயற்குழுவின் நிலைப்பாட்டை அறியத் தருகிறோம்.

மனோதத்துவ சாஸ்திரத்தை நாம் மறுக்கவில்லை. பட்டதையே மனத்துள் புரட்டிக்கொண்டிருப்பதும், நிச்சயமின்மையைப் பொறுக்கமாட்டாமையும் இவ்விரு நோய்களுக்கும் பொதுவான ஏதுக்களென்பது ஆய்வாளர் கண்டதே. தன்னால் ஒன்றும் ஆகாதோ என்று ஐயுறும்வரை பதகளிப்பு மட்டுமே நிற்குமென்றும், ஆகாதென்று உறுதிப்பட்டபின் மனச்சோர்வும் அதனோடு கலக்குமென்றும் லோரன் அலாயும் உடனாய்வாளரும் 1990 இல் விளக்கினர். அந்த ஐயம் எங்கே விளைகிறது என்பதைத்தான் பிரேரணை எழுதிய கனவான்கள் கேட்கவில்லை.

காலைப் பிரட்டில் பெயர் கொடுத்து, இடுப்பில் படங்கைக் கட்டி மலையேறுகிறவள், அன்று தனக்கு முழுநாட் சம்பளமான முழுப்பேரா, பாதிச் சம்பளமான அரைப்பேரா என்பதை மாலையில் தராசடிக்குப் போகும்வரை அறியாள். கொழுந்தில்லாத மலைக்கு அனுப்பப்பட்டாலும் கேட்கும் கிலோ குறைவதில்லை. ஈரத்துக்கென்று ஒரு கழிவும் சாக்குக்கென்று ஒரு கழிவும் போக எஞ்சியதைக் கணக்கப்பிள்ளை எழுதும்போது, அரைக் கிலோ குறைந்ததற்காகப் பாதிச் சம்பளம் போய்விடக்கூடும். இரவில் லயத்துக் காம்பராவில் அந்த அரைக் கிலோவையே நினைத்து அவள் விழித்துக் கிடந்தால், அது சிந்தனைக் கோளாறாம்! மறுநாள் அரிசிக்குக் கணக்குப் பார்ப்பவள் வேறெதை நினைப்பாள்? 2015 முதல் கேட்ட ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2021 இல் வர்த்தமானியேறியதையும், 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் முழங்கிய 1,700 ரூபா அவ்வாண்டு செப்டெம்பரில் 1,350 ஆகச் சுருங்கியதையும் அங்கத்தவர்கள் அறிவார்கள். ஐயம் உறுதியானது அப்படித்தான்.

வகுப்புகளை முற்றாக நிராகரிக்க வேண்டுமென்ற கருத்தும் செயற்குழுவில் எழுந்தது. எனினும் நோயுற்றோர்க்குச் சிகிச்சை வேண்டுமென்பதில் பேதமில்லை ஆதலால், வேலை நேரத்துள், சம்பளக் குறைப்பின்றி, அரசாங்கச் சுகாதாரத் துறையின் தமிழறிந்த உத்தியோகத்தர் நடத்துவாராயின், தகுந்த நிபந்தனைகளுடன் அவற்றைப் பரிசீலிக்கலாம் என்பது பெரும்பான்மை முடிவு. ஆனால், பகலில் அரைப்பேர் போட்ட துரைமாரின் கண்பார்வையிலேயே, மனத்தைத் திறந்து பேசு என்று எமது பெண்களைக் கேட்பதற்கு ஒருபோதும் உடன்படோம். எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பதைத் தராசடியில் எழுதி ஒட்டுவதும், மலையின் விளைச்சலுக்கேற்பக் கிலோவை நிர்ணயிப்பதும் முதலில் நடக்கட்டும்; வகுப்புக்கான திகதியை அதன்பின் பேசுவோம்.