பெட்டிமுடியில் 70 பேர்: உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

ஈரானில் ஒரு கைது, சீனாவில் ஒரு தடுப்பு முகாம் என்றால் உங்கள் ஃபோனில் அலர்ட் வந்துவிடுகிறது. வரட்டும், வரத்தான் வேண்டும். ஆனா பெட்டிமுடின்னு சொன்னா எத்தனை பேருக்கு ஞாபகம் வரும்?

மூணாறு டூர் போனவர்கள் ராஜமலையில் வரையாடு பார்த்திருப்பீர்கள். அதையும் தாண்டி உள்ளே இருந்த தேயிலைத் தோட்டக் குடியிருப்பு அது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் இறந்தார்கள். அதில் 4 பேரின் உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். பலருக்குப் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. விஷயம் வெளியே தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது. பெரியவரையில் தற்காலிகப் பாலமும் அடித்துப் போயிருந்ததால் மீட்புப் பணியும் தாமதம்.

மறுநாள் மாலை கோழிக்கோடு கரிப்பூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. மொத்தம் 21 பேர் பலி. அதுவும் பெரிய துயரம்தான். கேமராக்கள் அங்கே திரும்பின. முதல்வர் பினராயி விஜயனும் ஆளுநரும் 8-ஆம் தேதியே கரிப்பூர் போனார்கள். பெட்டிமுடிக்கு 13-ஆம் தேதி. மாநில அரசு அறிவித்த நிதி அங்கே 10 லட்சம், இங்கே 5 லட்சம். ‘இது முதற்கட்ட உதவிதான்’ என்பது அரசின் விளக்கம்.

சரி, இதுக்கும் சர்வாதிகார நாடுகளுக்கும் என்ன சம்பந்தம்?

அங்கே செய்தியைத் தணிக்கை அதிகாரி நிறுத்துகிறார். இங்கே யாரும் நிறுத்தவில்லை. டவரும் ரோடும் இருக்கிற இடத்துக்குச் செய்தி தானாகப் போய்விட்டது. இன்னொன்று, வார்த்தை. இதே சரிவு வேறொரு நாட்டில் நடந்திருந்தால், ‘தொழிலாளர்களை ஏன் அங்கே குடிவைத்தார்கள்?’ என்று கேட்டிருப்போம். இங்கே ‘இயற்கைப் பேரிடர்’ என்று முடித்துக்கொண்டோம். லயம் வேலையோடு ஒட்டிய வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அதனாலேயே அடுத்த தலைமுறையும் தோட்டத்தில் பெயர் கொடுக்கிறது. இதை மனித உரிமைப் பிரச்சினை என்று எழுதிய தலைப்புகள் குறைவு.

அந்த வார்த்தையை எல்லோருமே அடுத்தவர் வீட்டுக்குத்தான் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கா மற்ற நாடுகளைப் பற்றி ஆண்டறிக்கை போடும். சீனா அமெரிக்காவைப் பற்றிப் போடும்!

பெட்டிமுடியில் தப்பியவர்களில் 8 குடும்பங்களுக்கு மூணாறு அருகே குற்றியார்வேலியில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். மற்ற எஸ்டேட்களில் லயங்கள் இன்னும் மலைச்சரிவிலேயே இருக்கின்றன.