அன்றாடம் அரைப்பக்கம் எழுதுங்கள்

மும்பையில் வாழும் தமிழ்ப் பெரியவர்களிடம், "நீங்கள் இங்கே வந்தது எந்த ஆண்டு?" என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. "மில் ஸ்டிரைக் நடந்த சமயம்" என்பார் ஒருவர், அது 1982. "ரயில்வே ஸ்டிரைக்குக்கு முந்தின வருஷம்" என்பார் மற்றொருவர், அப்படியானால் 1973. ஊருக்கு நடந்தது நினைவிருக்கிறது. தமக்கு நடந்தது மறந்துவிட்டது. முதல் இரவு எங்கே படுத்தார், முதல் கூலி எவ்வளவு, யார் வீட்டில் சோறு? பேரன் கேட்டால் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

நீண்ட பயணம் போகிறவர்கள் நாட்குறிப்பு எழுதவேண்டும் என்பார்கள். காசி யாத்திரையும் வெளிநாட்டுச் சுற்றுலாவும் மட்டும்தானா பயணம்? பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து இருபது, முப்பது ஆண்டு தங்குவதைவிட நீண்ட பயணம் வேறு என்ன இருக்கிறது?

சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக உத்தியோகம் பார்த்தவர் ஏனுகுல வீராசாமி. 1830 மே 18ந் தேதி சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டார். போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் ரயில் ஓடியதே 1853இல்தான். ஆகவே அவர் பயணம் சாலை வழியே, பல்லக்கிலும் கால்நடையாகவும்தான். திருப்பதி, ஐதராபாத், நாகபுரி வழியாகக் காசி சேர்ந்து, 1831 செப்டம்பரில் ஊர் திரும்பினார்.

வழியில் கண்டதை அவ்வப்போதே தெலுங்கில் எழுதி, சென்னையிலிருந்த நண்பர் சீனிவாச பிள்ளைக்கு அனுப்பினார். எந்த ஊரில் கடை உண்டு, எங்கே தண்ணீர் நல்லது, எந்த ஆற்றை எப்படிக் கடக்கவேண்டும் என்று சாதாரணச் செய்திகள்தான். 1836இல் வீராசாமி காலமானார். 1838இல் நண்பர் அதை நூலாக்கினார். அந்தக் காலத்துச் சாலையும் சந்தையும் எப்படி இருந்தன என்று அறிய விரும்புவோர் இன்றைக்கும் அந்த நூலைத் தேடிப் படிக்கிறார்கள்.

மராட்டியத்திலும் ஓர் உதாரணம் உண்டு. இன்றைய ராய்காட் மாவட்டத்து வர்சயீ கிராமத்துப் புரோகிதர் விஷ்ணுபட் கோட்சே, 1857இல் நாலு காசு சம்பாதிக்க வடக்கே போனார். கலகத்தில் சிக்கி, ஜான்சியின் வீழ்ச்சியைக் கண்ணால் பார்த்தார். ஆனால் அதை எழுதியது இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அச்சானது 1907இல். அருமையான நூல்தான். ஆயினும் நினைவிலிருந்து எழுதியதால், கண்டதும் கேட்டதும் சில இடங்களில் கலந்துவிட்டன. தீயும் பீரங்கியும் மனத்தில் நிற்கும்; அன்று அரிசி என்ன விலை விற்றது என்பது நிற்காது. அதற்குத்தான் அன்றன்றே எழுதவேண்டும் என்பது.

எழுதுகிறவன் பார்க்கிறான்

இரவில் எழுதவேண்டும் என்று இருப்பவன் பகலில் கண்ணைத் திறந்து வைத்திருப்பான். மும்பை - சென்னை வண்டியில் ஏறியதும் போர்த்திப் படுப்பவருக்கு அது வெறும் அலுப்பு. எழுதுகிறவருக்கோ கர்ஜத்தில் மலையேற்றத்துக்காகப் பின்னால் என்ஜின் மாட்டுவதும் செய்தி. ராய்ச்சூருக்கு முன்னால் கிருஷ்ணையில் தண்ணீர் ஓடுகிறதா, மணல் தெரிகிறதா என்பதும் செய்தி. பக்கத்து இருக்கைக்காரரிடம் நாலு வார்த்தை கேட்கவும் தோன்றும்.

முன்பெல்லாம் இந்த வேலையைக் கடிதம் செய்தது. வாரம் ஓர் இன்லண்ட் லெட்டரில் சம்பளம், வாடகை, மழை, சீக்கு எல்லாம் ஊருக்குப் போனது. தாய்மார்கள் அவற்றைக் கம்பியில் குத்தி வைத்தார்கள். அந்தக் கம்பிதான் பல குடும்பங்களின் சரித்திரம். பிறகு டெலிபோன் வந்தது. அம்மாவின் குரலைத் தினமும் கேட்க முடிகிறது, நல்லதுதான். ஆனால் பேசியது காற்றோடு போய்விடுகிறது. கடிதம் நின்ற இடத்தில் நாட்குறிப்பு வந்திருக்கவேண்டும், வரவில்லை.

"செல்போனில் படம் இருக்கிறதே" என்பார்கள். படத்தில் முகம் இருக்கும். அந்த மாதம் அறை வாடகை எவ்வளவு, அன்று ஏன் சிரித்தோம் என்பது இராது. "நான் என்ன காந்தியா, என் கதையை எழுத?" என்றும் கேட்பார்கள். பெரிய மனிதர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. கூலிக்காரனைப் பற்றி அவனே எழுதாவிட்டால் யார் எழுதுவார்?

என்ன எழுதுவது?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, இடம், வரவு செலவு, அன்று பேசிய ஒரு மனிதர், புதிதாகக் கண்ட ஒரு பொருள் - அரைப்பக்கம், பத்து நிமிஷம். வேலையில் சேர்ந்த நாள், கொடுத்த அட்வான்ஸ், வரவேண்டிய பாக்கி எல்லாம் தேதியோடு இருந்தால், கணக்குத் தகராறு வரும்போது வாய்ப்பேச்சைவிட அது நிச்சயம் பலமாக நிற்கும்.

இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுகிறார்கள், படிக்கத் தெரியாது. தகப்பன் கைப்பட எழுதிய நோட்டு ஒன்று வீட்டில் இருந்தால், அதைப் படிப்பதற்காகவாவது ஒரு பிள்ளை தமிழ் எழுத்தைக் கற்றுக்கொள்ளும். சம்பாதித்த பணம் செலவாகிவிடும். எழுதி வைத்தது இருக்கும்.